குளிர்மழைப் பந்தயத்தில் முதலில் கைவிடுவது கைதான்

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். போன மாதம் என்னுடைய இரண்டாவது அமெச்சூர் பந்தயம். 90 கி.மீ., நடுவில் ஒரு நீண்ட ஏற்றம். புறப்படும்போதே 7 டிகிரி, விடாத மழை. ஏற்றத்தில் முன்னணிக் கூட்டத்தோடுதான் இருந்தேன். வியர்த்ததால் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்பையில் செருகிவிட்டேன். உச்சியில் எல்லோரும் சட்டென்று இறங்க ஆரம்பித்ததால் அதைத் திரும்பப் போட நேரமில்லை. இறக்கத்தில் கை விறைத்து, பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. வைத்திருந்த இரண்டு எனர்ஜி ஜெல் பாக்கெட்டில் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. 52ஆவது கிலோமீட்டரில் ஓரம் கட்டிவிட்டேன். என்னைக் கடந்து போனவர்களில் பாதிப் பேர் அரைக்கை ஜெர்சியில் இருந்தார்கள்! என் உடம்புதான் குளிருக்கு லாயக்கில்லையா? இன்னும் ஐந்து வாரத்தில் இதே மாதிரி இன்னொரு பந்தயம் இருக்கிறது. என்ன உடுத்துவது, டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா? "இந்த மழையில் போய்த்தான் ஆகணுமா?" என்கிறார் மனைவி. பாதியில் நிறுத்தியது கோழைத்தனமா என்ற கேள்வி இன்னும் குடைகிறது.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் பிடி இல்லை என்று தெரிந்ததும் ஓரம் கட்டினீர்களே, அன்று நீங்கள் எடுத்த முடிவுகளில் ஆகச் சரியானது அதுதான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு வரி. "திரும்பப் போட நேரமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பந்தயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. 52ஆவது கிலோமீட்டரில் வந்தது அதற்கான பில்.

சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் கால் பங்கோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது. மீதியெல்லாம் சூடு. ஏற்றத்தில் 200 வாட் மிதிக்கிறீர்கள் என்றால், கூடவே 600 முதல் 800 வாட் சூடும் பிறக்கிறது. ஒரு சின்ன அறை ஹீட்டரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி. 7 டிகிரியிலும் உங்களுக்கு வியர்த்தது அதனால்தான். உச்சியைத் தாண்டிக் கால் நின்றதும் ஹீட்டர் அணைந்துவிடுகிறது. அதே நேரத்தில் வேகம் 15இலிருந்து 50க்கு ஏறுகிறது. 7 டிகிரியில் மணிக்கு 50 கி.மீ. காற்று என்பது காய்ந்த தோலுக்கே கிட்டத்தட்ட 1 டிகிரி போலத்தான் படும். உங்கள் தோலோ வெளியே மழையிலும் உள்ளே வியர்வையிலும் ஊறிக் கிடந்தது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். அப்புறம் எங்கே தாங்குவது?

நடு உடம்பின் சூடு குறைய ஆரம்பித்ததும் உடம்பு சிக்கனத்தில் இறங்கிவிடும். இருக்கிற சூட்டை இதயம், நுரையீரல், மூளைக்கு ஒதுக்கிவிட்டு, கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், விரல்களை மடக்கி நீட்டும் தசைகளில் பெரிய பங்கு விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கயிறுகள் மாதிரி தசைநாண்கள் விரல் வரை ஓடுகின்றன. முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக விட்டுவிட்டுக் கையுறை மட்டும் தடிமனாக வாங்கினால், இஞ்சினை மழையில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்குக்கு உறை போட்ட கதைதான். கை விறைத்தது என்றால் முதலில் நெஞ்சையும் முன்கையையும் பாருங்கள், கையுறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, பயிற்சியாளன் என்ற பெயரெல்லாம் வருவதற்கு முன்பு. இறக்கத்தில் கியர் மாற்ற விரல் வரவில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் லீவரை இடித்து இடித்து மாற்றினேன். எப்படியோ எல்லைக்கோடு வரை வந்து சேர்ந்தேன். ஆனால் ஹெல்மெட்டின் தாடை வாரைக் கழற்ற முடியவில்லை. கொக்கி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்க்கவும் முடியாத இடம். அங்கே குடை பிடித்து நின்றிருந்த, எட்டு வயது இருக்கும், ஒரு சிறுமி வந்து 'டிக்' என்று கழற்றிவிட்டுப் போனாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கால்கள் அன்று நன்றாகத்தான் இருந்தன. இன்னும் 20 கி.மீ. மிதித்திருப்பேன்.

அரைக்கை ஜெர்சிக்காரர்களைப் பற்றிக் கேட்டீர்கள். 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப்பந்தயமான ஜிரோ, காவியா என்ற மலைக் கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தது. 2,600 மீட்டருக்கு மேல் உயரம். உச்சியை முதலில் தொட்டவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே, அரைக்கை ஜெர்சியில். பார்த்தவர்கள் அசந்திருப்பார்கள். இறக்கம் தொடங்கியதும் குளிர் தாங்காமல் நின்றுவிட்டார். அன்று அவர் வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். அதே நாளில் அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியினர் பனிச்சறுக்குக் கடைகளில் தடிமனான கையுறைகளும் தொப்பிகளும் வாங்கி வைத்து, உச்சிக்கு அருகே சூடான பானத்தோடு காத்திருந்தார்கள். அவர் அந்தக் கட்டத்தில் இரண்டாவதாக வந்தார், ஆனால் ஒட்டுமொத்த முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி அவர் கைக்கு வந்தது. அந்த வருடப் பட்டமும் அவருக்கே. உங்களைக் கடந்து போன அரைக்கைக்காரர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று முடிவுப் பட்டியலில் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அதற்காக எல்லா உடம்பும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒல்லியானவர்கள் சீக்கிரம் குளிர்வார்கள். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோலின் பரப்பு அதிகம், தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. ஏற்றத்தில் முன்னணியோடு இருந்தேன் என்கிறீர்கள் என்றால் நீங்கள் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். ஏற்றத்தில் உதவியது இறக்கத்தில் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டாலே சில விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடு ஏறும்போது சிவந்து எரிகிறதா? அப்படியானால் அது ரேனாட் எனப்படும் ரத்தக்குழாய்ப் பிரச்சினையாக இருக்கலாம். பந்தயத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதைக் கையுறையால் மட்டும் சமாளிக்க முடியாது.

சரி, உடைக்கு வருவோம். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைப் பனியன். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. அதன் மேல் ஜெர்சி, அதற்கும் மேல் கையில்லாத மெல்லிய விண்ட் ஜாக்கெட். இந்தக் கையில்லாத ஜாக்கெட்டைப் பந்தயம் முழுக்கக் கழற்றவே கழற்றாதீர்கள், ஜிப்பை மட்டும் ஏற்றி இறக்குங்கள். நெஞ்சுச் சூட்டைக் காப்பதில் அதன் எடைக்கு இணையாக வேறெதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். முன்கைக்கும் முழங்காலுக்கும் உறைகள். ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்பு வைத்த மெல்லிய சைக்கிள் தொப்பி போட்டால், முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராகக் கண்ணில் விழாது. ஷூவின் காற்றுத் துளைகளை உள்பக்கமாக டேப் ஒட்டி அடைத்துவிட்டு மேலே உறை மாட்டுங்கள்.

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் காசை வீணாக்குகிறார்கள். விடாத மழையில் எந்தக் கையுறையும் நனையும். "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருந்தாலும் மணிக்கட்டு வழியே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதனால் நனைந்த பிறகும் சூட்டைப் பிடித்து வைக்கிற நியோப்ரீன் கையுறை நல்லது. முக்குளிப்பவர்கள் போடும் உடையின் அதே துணி. ஆனால் இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கினால் ஏற்கெனவே சுருங்கிய ரத்தக் குழாயை நீங்களும் சேர்ந்து நசுக்குகிறீர்கள். உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை, டாக்டர்கள் போடுவார்களே அது, ஒரு ஜோடி போட்டுக்கொண்டால் காற்று உள்ளே புகாது. வியர்க்கும், பரவாயில்லை, அந்த ஈரம் சூடாகத்தான் இருக்கும். மாற்றுக் கையுறை கொண்டுபோகும் யோசனை நன்றாகத் தோன்றும். ஈரக் கையைப் புதுக் கையுறைக்குள் நுழைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

காலில் தேய்க்கும் சூட்டுத் தைலத்தை நம்பாதீர்கள். தோலுக்குச் சூடு போலத் தோன்றும், ஆனால் அது சூட்டைச் சேமிப்பதில்லை. தேய்த்தே தீருவேன் என்றால், முதலில் ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு அப்புறம் தேயுங்கள், உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏன் என்று விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இனி அந்த உச்சி. மழை ஜாக்கெட்டை உச்சியில் போடக் கூடாது, உச்சிக்கு 300 மீட்டர் முன்பே போட வேண்டும். அங்கே வேகம் குறைவு, உடம்பு சூடாக இருக்கிறது, விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வராவிட்டால் ஓரமாக நின்று போட்டுக்கொள்ளுங்கள். 20 நொடி போகும். போன மாதம் அந்த 20 நொடியை மிச்சம் பிடித்தீர்கள், 38 கி.மீ. போய்விட்டது. இன்னொன்று. ஜாக்கெட், ஜெர்சி இரண்டின் ஜிப் நுனியிலும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நாடா வளையம் கட்டிவிடுங்கள். ஜிப்பின் சின்ன உலோக நாக்கை விறைத்த விரலால் பிடிக்க முடியாது, வளையத்தில் விரலை மாட்டி இழுத்துவிடலாம். ஐந்து வாரம் இருக்கிறதே, வாரம் இரண்டு முறை மழை ஜாக்கெட்டை ஓட்டிக்கொண்டே போட்டுக் கழற்றிப் பழகுங்கள். போக்குவரத்து இல்லாத சாலையில்.

சாப்பாடும் கை விஷயம்தான். நடுக்கம் என்பது தசை வேலை செய்வது, அதுவும் சேமிப்பில் உள்ள மாவுச்சத்தைத்தான் எரிக்கிறது. அதனால் குளிர் நாளில் தேவை கூடுதல், ஆனால் பசியும் தாகமும் எடுக்காது. சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும், குளிரில் ரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றுகிறது. மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட்டாவது போக வேண்டும். பாதியை பாட்டிலிலேயே கரைத்துவிடுங்கள், அதற்கு உறை பிரிக்கும் வேலை இல்லை. முதல் பாட்டில் வெதுவெதுப்பாக, சூடு தாங்கும் பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது. திடமானதை வீட்டிலேயே உறை பிரித்துச் சின்னத் துண்டுகளாக்கி, பட்டர் பேப்பரில் தளர்வாகச் சுற்றிப் பையில் போடுங்கள். ஜெல்தான் வேண்டும் என்றால் புறப்படுமுன் வாயை முக்கால் பங்கு கத்தரித்துவிடுங்கள், பல்லால் இழுத்தால் வந்துவிடும். ஏற்றத்தின் கடைசி கிலோமீட்டரில், ஜாக்கெட்டுக்கு முன்பே, சாப்பிட்டு முடியுங்கள்.

டயர் காற்று: ஆம், குறையுங்கள். காய்ந்த சாலையில் வைப்பதைவிட 5 முதல் 8 பிஎஸ்ஐ குறைத்தால் போதும். ட்யூப் போட்ட டயரில் அதற்குக் கீழே இறங்கினால் குழியில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ட்யூப் கடிபட்டுப் பஞ்சராகும். 25 மி.மீ. டயரில் ஓட்டுகிறீர்கள் என்றால், ஃபிரேமில் இடமிருந்தால் 28க்கு மாறுங்கள், அது காற்றுக் குறைப்பதைவிடப் பெரிய லாபம். மழையில் பஞ்சர் அதிகம் என்பதும் உண்மை. சாலையோரக் கண்ணாடித் துகள்கள் ரோட்டின் நடுவே வந்து சேர்கின்றன, ஈர ரப்பரை அவை சுலபமாக அறுக்கின்றன. முதல் நாள் இரவே டயரில் பதிந்திருக்கும் துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள்.

பிரேக் ரிம் பிரேக்கா டிஸ்க்கா என்று நீங்கள் எழுதவில்லை. ரிம் பிரேக் என்றால், பிடித்ததும் முதல் ஓரிரு சுற்றுக்கு ஒன்றும் நடக்காது. பிரேக் கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும், கார்பன் ரிம்மில் இன்னும் தாமதம். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே லேசாக உரசவிட்டுத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த பிரேக்காக இருந்தாலும் சைக்கிள் நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், சாய்ந்த பிறகு லீவரைத் தொடாதீர்கள். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, இரும்புச் சட்டம், ஈர இலை எல்லாம் சோப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை என்றால் படிந்திருந்த எண்ணெயும் மிதக்கும், அந்த முதல் அரைமணி நேரம்தான் மோசம்.

கூட்டத்தில் முதல் பத்துப் பேருக்குள் இருங்கள். பின்னால் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் முன்னே உள்ளவர்கள் பிரேக் பிடிப்பது பெருகிப் பெருகி உங்களிடம் வரும்போது கிட்டத்தட்ட நிற்க வேண்டியிருக்கும், பிறகு முழு வேகத்தில் துரத்த வேண்டும். மழையில் அந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். முன்னே போகிறவரின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் ஒட்டாமல் அரை அடி பக்கவாட்டில் தள்ளி ஓட்டினால் சேற்று நீர் முகத்தில் வாரியடிக்காது.

இனி எப்போது நிறுத்துவது. இதை இறக்கத்தில் யோசிக்க முடியாது, குளிர் முதலில் விரலையும் அடுத்து புத்தியையும் மந்தமாக்கும். அதனால் இன்றே, வீட்டில் உட்கார்ந்து, ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நான் என் ஆட்களுக்குச் சொல்வது இது: ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு கையிலும். தொட முடிந்தால் இறங்கலாம். முடியவில்லை என்றால் பிரேக்கையும் முழுதாகப் பிடிக்க முடியாது, அந்த இறக்கம் உங்களுக்கு இல்லை. நின்று கையை அக்குளில் செருகிக்கொள்ளுங்கள், சரியாகவில்லையா, பந்தயத்தை விட்டுவிடுங்கள். உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைபோதெர்மியா, மருத்துவ அவசரம். வெடவெடவென்று நடுங்கியவர் சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டார், பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது என்றால், அவரைச் சைக்கிளில் இருந்து இறக்குங்கள். அவர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நம்பாதீர்கள்.

பெரிய வீரர்களும் நிறுத்தியிருக்கிறார்கள். 1980இல் பெல்ஜியத்தின் லியேஜ் - பாஸ்டோன் - லியேஜ் பந்தயத்தில் பனி கொட்டியபோது புறப்பட்ட 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். வென்ற பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோவின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு குளிரில் தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தன. அவருக்கு அது தொழில். நமக்குத் திங்கட்கிழமை அந்த விரல்களை வைத்து வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மனைவியிடம் இந்தச் சுண்டுவிரல் விதியை அப்படியே சொல்லிவிடுங்கள். "கவனமா இருப்பேன்" என்ற பொத்தாம்பொதுவான வாக்குறுதியைவிட இதை அவர் நம்ப வாய்ப்பு அதிகம். எல்லைக்கோட்டுக்கு வருவார் என்றால் ஒரு பையைக் கொடுத்து வையுங்கள். அதில் துண்டு, தலைக்குக் கம்பளித் தொப்பி, உள்ளாடையில் தொடங்கி முழு மாற்றுடை, பட்டன் இல்லாத தளர்வான மேலாடை, ஃபிளாஸ்க்கில் இனிப்பான சூடான பானம். நின்ற பிறகும் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், முடித்த கால் மணி நேரத்தில் ஆட்கள் உதறுவது அதனால்தான். எனவே நண்பர்களோடு கதை பேசுவதற்கு முன் ஈரத்தைக் கழற்றுங்கள். நன்றாக விறைத்திருந்தால் நேரே கொதிக்கும் வெந்நீர்க் குளியலுக்குப் போகாதீர்கள். முதலில் காய்ந்த உடை, போர்வை, சூடான பானம். மரத்த விரலுக்குச் சூடு எவ்வளவு என்றே தெரியாது, வெந்துபோகும்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தூங்கப் போக ஆசையாக இருக்கும். செயினைத் துடைத்து மழைக்கான கெட்டி எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டைகளில் பதிந்த மணலை எடுங்கள், ஒரே மழைப் பந்தயத்தில் பாதி தேய்ந்திருக்கவும் கூடும். அப்புறம் சீட் கம்பத்தின் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, அதை உருவிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃபிரேமுக்குள்ளிருந்து அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.